சஹனில் அவருக்கும் இடம் உண்டு
ஹெபடைட்டிஸ் நோயோடு வாழ்பவர்களை நம் வீட்டில் எப்படிப் பராமரிப்பது?



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்கள் மஞ்சள் காமாலை என்று சொல்லி வந்தால், சற்று நேரம் பேசிய பிறகு தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பார்கள். "அவருக்குத் தட்டு, குவளை தனியா வச்சிருக்கோம். வலீமாவுக்குப் போனா மத்தவங்களோட ஒரே சஹன்ல உட்காரலாமா?" கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்குத் தவறான பதில் கிடைத்த வீட்டில் ஒரு மனிதர் வருடக்கணக்கில் தனியாகச் சாப்பிடுகிறார். வேறு சில வீடுகளிலோ தட்டைப் பிரித்துவிட்டு, சவரக் கத்தியை மட்டும் வாப்பாவும் மகன்களும் பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல், அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுகிறோம்.

இந்த இதழின் பாடத்தை அதற்காகவே எடுத்துக்கொண்டோம். மருத்துவர் சொல்ல வேண்டியதை நாம் சொல்லப் போவதில்லை. மருத்துவரிடமிருந்து வீடு திரும்பிய பிறகு குடும்பம் செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

முதல் கேள்வி: எந்த வகை?

மஞ்சள் காமாலை என்பது ஓர் அறிகுறி. கண்ணும் சிறுநீரும் மஞ்சளானால் ஈரலில் ஏதோ கோளாறு என்று பொருள். கிருமியாலும் வரும், மதுவாலும் வரும், சில மாத்திரைகளாலும் வரும், பித்தப்பைக் கல் அடைத்தாலும் வரும். கிருமியால் ஈரல் வீங்குவதைத்தான் வைரல் ஹெபடைட்டிஸ் என்கிறார்கள். அதில் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து வகைகள் உண்டு.

ஐந்தையும் நினைவில் வைப்பது கடினம் என்றால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏ, இ இரண்டும் நோயாளியின் மலத்திலிருந்து குடிநீர், உணவு, கழுவாத கை வழியாக அடுத்தவர் வாய்க்குப் போகும். பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே குணமாகும். பி, சி இரண்டும் ரத்தம் வழியாகப் பரவும். பி தாம்பத்திய உறவு வழியாகவும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் எளிதில் பரவும். இவை உடலில் பல ஆண்டுகள் தங்கக்கூடியவை. டி என்பது ஹெபடைட்டிஸ் பி உள்ளவரை மட்டுமே பற்றும். பி வராமல் தடுத்தால் டியும் வராது.

ஆகவே, "காமாலையாம்" என்ற செய்தியோடு நின்றுவிடாமல், "எந்த வகை என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். சஹன் கேள்வி உட்பட, இனி வரும் எல்லாவற்றுக்கும் பதில் அந்த ஓர் எழுத்தில்தான் இருக்கிறது.

தண்ணீரால் வருபவை: ஏ, இ

கடைமடைப் பகுதியில் வாழும் நமக்குத் தண்ணீரின் ஆபத்தை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவி, காலரா உறுதியாகி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டதும், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னதும் நமக்கு நினைவிருக்கும். காலராக் கிருமி வந்த அதே வழியில்தான் ஹெபடைட்டிஸ் ஏ, இ கிருமிகளும் வருகின்றன. கழிவுநீர் குடிநீர்க் குழாயில் கலந்தால் போதும். 1955 இறுதியில் டெல்லியில் யமுனை நீரில் கழிவு கலந்ததால் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது 'இ' வகை என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. கேரளத்தில் 2024-ல் எர்ணாகுளம் மாவட்டம் வேங்கூரில் குடிநீர் வழியாக 'ஏ' வகை பரவி இருநூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர்.

இவ்வகை காமாலை கண்டவருக்கு ஓய்வு, போதுமான நீர், சாதாரண உணவு ஆகியவைதான் முக்கியம். கிருமியைக் கொல்லும் தனி மருந்து பெரும்பாலோருக்குத் தேவைப்படுவதில்லை. வீட்டில் செய்ய வேண்டியவை:

• கழிப்பறைக்குச் சென்று வந்ததும், உணவைத் தொடும் முன்னும் நோயாளியும் வீட்டாரும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். வெறும் நீரில் கழுவினால் போதாது.

• மஞ்சள் கண்ட நாளிலிருந்து இரண்டு வாரமாவது அவர் மற்றவர்களுக்குச் சமைக்க வேண்டாம், பரிமாற வேண்டாம். இந்த நாட்களில் மட்டும் தனித் தட்டில் சாப்பிடட்டும். அதன்பின் பழையபடி சேர்ந்து சாப்பிடலாம்.

• தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது ஆன பிறகே இறக்குங்கள். மூடி வையுங்கள். கையை விட்டு மொள்ளாமல், பிடி உள்ள அகப்பையால் எடுங்கள்.

• கந்தூரி, வலீமா, இஃப்தார் என்று பலர் கூடும் இடங்களில் சர்பத்துக்கும் ஐஸுக்கும் எந்தத் தண்ணீர் என்று பொறுப்பாளர்கள் விசாரிக்க வேண்டும். உளூச் செய்யும்போது வாய் கொப்பளிக்கிறோம். ஆகவே ஹவுளைக் காலத்துக்குக் காலம் இறைத்துக் கழுவிக் குளோரின் இடுவதும் சுகாதாரப் பணிதான்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கர்ப்பிணிக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், 'இ' வகை வந்தால் உயிருக்கே ஆபத்து. அந்நிலையில் பாதிக்கப்படும் நூறு பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. கர்ப்பிணியின் கண் மஞ்சளானால் நாட்டு வைத்தியம், ஓதிப் பார்ப்பது என்று ஒரு நாளைக்கூட வீணாக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். துஆவை வழியிலும் செய்யலாம்.

ரத்தத்தால் வருபவை: பி, சி

2022 நிலவரப்படி இந்தியாவில் 2.98 கோடிப் பேர் ஹெபடைட்டிஸ் பியுடனும், 55 லட்சம் பேர் சியுடனும் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில் மதிப்பிட்டிருக்கிறது. உலகம் முழுவதும் பி உள்ளவர்களில் 13 சதவீதத்தினருக்கு மட்டுமே தமக்கு இது இருப்பது தெரியும். ஏனென்றால் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இராது.

முதலில், எப்படிப் பரவாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஒரே சஹனில் சாப்பிடுவதால் பரவாது. குவளையைப் பகிர்வதால், முஸாபஹா செய்வதால், கட்டித் தழுவுவதால், தொழுகையில் தோளோடு தோள் நிற்பதால், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதால், இருமலால், தும்மலால் பரவாது. பி உள்ள தாய் பால் கொடுக்கலாம். பி உள்ள உம்மா சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடலாம். பி அல்லது சி என்று ரிப்போர்ட் வந்த ஒருவருக்காகத் தட்டைப் பிரித்திருந்தால், இன்றே சேர்த்துவிடுங்கள்.

பரவும் வழிகள் வேறு. ஹெபடைட்டிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாட்களுக்குக் குறையாமல் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் ஒட்டியிருந்தாலே போதும். ஆகவே பிரிக்க வேண்டியவை இவை: சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, காது குத்தும் ஊசி, சர்க்கரை அளவு பார்க்கும் ஊசி. தரையில் ரத்தம் சிந்தினால் கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள்.

நம் சமுதாயம் தனியாகக் கவனிக்க வேண்டிய இடங்கள் நான்கு.

சுன்னத்: ஒஸ்தா செய்தாலும் மருத்துவர் செய்தாலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் கிருமி நீக்கிய தனிக் கருவியா என்று கேட்பது பெற்றோர் உரிமை. ஒரே நாளில் பல பிள்ளைகளுக்குச் செய்யும்போது இது இன்னும் முக்கியம்.

ஹிஜாமா: தோலைக் கீறி ரத்தம் எடுப்பதால், பிளேடு புதிதாக உங்கள் கண் முன் பிரிக்கப்பட வேண்டும். கப்பும் ஒருமுறை மட்டுமே பயன்படுத்துவதாக இருக்க வேண்டும். செய்பவர் கையுறை அணிய வேண்டும்.

முடி இறக்குதல்: உம்ரா, ஹஜ்ஜில் நெருக்கடியில் ஒரே பிளேடால் பல தலைகளை மழிப்பவர்கள் இருக்கிறார்கள். உரிமம் பெற்ற சலூனுக்குச் செல்லுங்கள், புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். அகீகாவில் குழந்தையின் தலை மழிக்கும்போதும் இதே விதி. நம்மூர் சலூனிலும் இதே விதி.

ஊசி: 2009-ல் குஜராத்தின் சாபர்காந்தா மாவட்டம் மோடாசா பகுதியில், பயன்படுத்திய சிரிஞ்சையே மறுபடி பயன்படுத்தியதால் நூற்றுக்கணக்கானோருக்கு ஹெபடைட்டிஸ் பி பரவி, பலர் இறந்தனர். காய்ச்சல், உடல்வலி என்றால் "ஒரு ஊசி போடுங்க" என்று நாமே கேட்கும் பழக்கத்தை விட வேண்டும். மாத்திரை போதுமென்றால் மாத்திரை போதும். ஊசி தேவைதான் என்றால் உறை பிரிப்பதைப் பாருங்கள்.

கல்ஃப் மெடிக்கலில் 'அன்ஃபிட்' வந்தால்

நம் ஊரில் பல இளைஞர்களுக்கு இந்த நோய் முதன்முதலில் தெரியவருவது மருத்துவமனையில் அல்ல. வளைகுடா விசாவுக்காக எடுக்கும் மெடிக்கலில் பி, சி இரண்டையும் பார்க்கிறார்கள். 'அன்ஃபிட்' என்ற அந்த ஒரு சொல்லில் ஏஜென்டுக்குக் கட்டிய பணம், பேசி வைத்த சம்பந்தம், வீட்டின் கடன் எல்லாம் ஆட்டம் காண்கின்றன. கூடவே, "பையன் எங்கே போய் என்ன செய்தானோ" என்ற பேச்சும் கிளம்பிவிடுகிறது.

இந்தப் பேச்சு எவ்வளவு பெரிய அநியாயம் என்று பாருங்கள். வளர்ந்த பிறகு ஹெபடைட்டிஸ் பி தொற்றினால் நூற்றில் சுமார் 95 பேருக்கு உடலே கிருமியை வெளியேற்றிவிடும். பிறக்கும்போதோ முதல் வயதுக்குள்ளோ தொற்றினால் நூற்றில் சுமார் 90 பேருக்குக் கிருமி நிரந்தரமாகத் தங்கிவிடும். அதாவது இருபத்தைந்து வயதில் மெடிக்கலில் தெரியவரும் கிருமி, பெரும்பாலும் அவன் தொட்டிலில் கிடந்த காலத்தில் வந்தது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சோதனை முறையில் நுழைந்தது 2002-ல். நாடு முழுவதும் விரிந்தது 2011-ல்தான். அதற்கு முன் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த ஊசி போடப்படவே இல்லை. அந்த இளைஞன் எந்தத் தவறும் செய்யவில்லை. அவனைப் பற்றித் தவறாகப் பேசியவர்கள்தான் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

அடுத்து அந்த இளைஞன் செய்ய வேண்டியவை. வேறொருவர் ரத்தத்தைக் கொடுத்துத் தப்பிக்கலாம் என்று சொல்லும் தரகரிடம் போக வேண்டாம். அது மோசடி, ஹராம், பிடிபட்டால் வாழ்நாள் தடையும் வரலாம். 'ஆறு மாதத்தில் நெகட்டிவ் ஆக்கித் தருகிறேன்' என்று பணம் கேட்பவரிடமும் போக வேண்டாம். ஈரல் செயல்பாட்டுப் பரிசோதனை, ரத்தத்தில் கிருமியின் அளவு, ஸ்கேன் ஆகிய மூன்றையும் பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும்.

'பி'யைப் பொறுத்தவரை, கிருமி உள்ள எல்லோருக்கும் மருந்து தேவையில்லை. தேவைப்படுவோருக்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரை தினம் ஒன்று. இது கிருமியை அடக்கி வைக்கும்; பெரும்பாலோரிடம் அடியோடு அகற்றாது. ஆகவே நன்றாக இருக்கிறதே என்று தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் கிருமி சீறியெழுந்து ஈரலையே செயலிழக்கச் செய்யலாம். மருந்து தேவைப்படாதவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். ஈரல் சுருக்கமும் புற்றுநோயும் சத்தமில்லாமல் வருபவை. நேரத்தோடு கண்டால் சிகிச்சை உண்டு.

'சி'யின் கதை வேறு. இதற்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் முழுக் குணம் உண்டு. சோஃபோஸ்புவிர், டக்லடஸ்விர் போன்ற மாத்திரைகளை 12 வாரம், ஈரல் சுருக்கம் உள்ள சிலருக்கு 24 வாரம், விடாமல் சாப்பிட்டால் நூற்றில் சுமார் 95 பேர் குணமடைகிறார்கள். குணமான பிறகும் எதிர்ப்பொருள் பரிசோதனை 'பாசிட்டிவ்' என்றே காட்டும். அதைக் கண்டு பதற வேண்டாம். கிருமி இல்லை என்று காட்டும் ஆர்.என்.ஏ. பரிசோதனை ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்டது. இதன்கீழ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். நம் அரசுப் பொது மருத்துவமனையில் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவார்கள்.

கீழாநெல்லியைப் பற்றி

இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் முழுமையாகாது. காமாலை என்றதும் நம் வீடுகளில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். இதை விஞ்ஞானமும் ஒதுக்கிவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்குடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். 1988-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது, வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் பிற இடங்களிலும் மறுபடி செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்றுவரை அது 'பி'யைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

அப்படியானால், "எங்க வீட்டில் கீழாநெல்லி குடிச்சுத்தானே காமாலை போச்சு" என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்களுக்கு வந்தது பெரும்பாலும் ஏ அல்லது இ. அது சில வாரங்களில் தானே போகக்கூடியது. அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். அதே நம்பிக்கையில் பி உள்ளவர் மாத்திரையை நிறுத்தினால்தான் ஆபத்து. பெயர் தெரியாத லேகியம், கண்ணில் விடும் சாறு, கையில் வைக்கும் சூடு ஆகியவற்றையும் தவிருங்கள். எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அன்றாட அவதிகளைச் சமாளிப்பது

அசதி: வெளியே தெரியாத, ஆனால் நோயாளியை அதிகம் வாட்டும் அவதி இது. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடாதீர்கள். கனமான வேலைகளைத் தெம்பு இருக்கும் காலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மதியம் சிறு தூக்கம் போடலாம். நாள் முழுதும் படுத்தே இருந்தால் தசை கரையும். முடிந்தவரை மெதுவாக நடக்கச் சொல்லுங்கள்.

குமட்டல், பசியின்மை: மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள். பலருக்குக் காலையில் ஓரளவு பசி இருக்கும், மாலையில் குமட்டும். ஆகவே காலை உணவைச் சத்தாகக் கொடுங்கள். வறுவல் வாசனை ஆகாதவர்களைச் சமையலறைப் பக்கம் வரவிட வேண்டாம்.

அரிப்பு: வெந்நீர் வேண்டாம், ஆறிய நீரில் குளிக்கலாம். பருத்தி உடை, குட்டையாக வெட்டிய நகம், குளித்ததும் ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் ஆகியவை உதவும். தூக்கம் கெடும் அளவுக்கு அரித்தால் அதைக் குறைக்கும் மருந்து உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

வலி, காய்ச்சல்: கடையில் தாமாக வாங்கும் வலி மாத்திரைகள் ஆகாது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை ஈரல் சுருக்கம் உள்ளவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக் கசிவை உண்டாக்கும். பாராசிட்டமால் எடுக்கலாம், ஈரல் சுருக்கம் உள்ளவர் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை நான்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மருத்துவர் இன்னும் குறைத்துச் சொன்னால் அதுவே கணக்கு.

வயிறு, கால் வீக்கம்: ஈரல் சுருக்கம் முற்றி நீர் கோர்த்தால் உப்பைக் குறைக்க வேண்டும். நம் கடற்கரை ஊரில் இது எளிதல்ல என்று தெரியும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் தின்பண்டம் இந்த நான்கையும் நிறுத்தினாலே பெரும் பகுதி குறைந்துவிடும். புளி, எலுமிச்சை, மிளகு சேர்த்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது.

மலச்சிக்கல்: ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு இது சாதாரண விஷயமல்ல. குடலில் தேங்கும் கழிவின் நஞ்சு மூளையைக் குழப்பும். மருத்துவர் லாக்டுலோஸ் சிரப் கொடுத்திருந்தால், நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிப் போகும்படி அளவைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

பத்தியம்: காமாலை என்றதும் எண்ணெய், உப்பு, கறி, மீன் எல்லாவற்றையும் நிறுத்தி மோர்ச்சோறு மட்டும் கொடுப்பது நம் வழக்கம். இதனால் நோயாளி மேலும் மெலிகிறார். ஈரல் தன்னைச் சரிசெய்துகொள்ளப் புரதம் வேண்டும். வேகவைத்த முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, பருப்பு, தயிர் எல்லாம் கொடுக்கலாம். எண்ணெயில் பொரிக்காமல் குழம்பாகவோ அவித்தோ கொடுங்கள். நண்டு, இறால், மட்டி வகைகளை நன்றாக வேகவைத்த பிறகே கொடுங்கள். ஈரல் சுருக்கம் உள்ளவர் இரவு படுக்கும் முன் ஏதேனும் சிறிது சாப்பிட வேண்டும். இரவு முழுதும் வெறும் வயிறாக இருந்தால் உடல் தன் தசையையே கரைத்து எரிக்கும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அடையாளங்கள்: ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருத்தல், பேச்சுக் குழறல், ஆள் அடையாளம் தெரியாமை, நீட்டிய கை படபடவென ஆடுதல், காய்ச்சலோடு வயிற்று வலி, நிற்காத வாந்தி. இவற்றில் ஒன்று கண்டாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். "ஆள் ஏதோ மாறிப் பேசுறாரு, காத்துக் கருப்பா இருக்குமோ" என்று நேரத்தைத் தொலைக்க வேண்டாம்.

ரமலான் நோன்பு

அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 ஆம் வசனங்களில் நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். அவன் தந்த சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிவதுதான். ஈரல் நன்றாக இயங்கும் நிலையில் பி உள்ளவர்கள் பொதுவாக நோன்பு வைக்க முடியும். தினசரி மாத்திரையை இஃப்தாரிலோ ஸஹரிலோ ஒரே நேரமாக எடுத்துக்கொள்ளலாம். காமாலை தற்போது உள்ளவர், ஈரல் சுருக்கம் முற்றி நீர் கோர்த்தவர், ரத்த வாந்தி எடுத்தவர் ஆகியோர் மருத்துவர் சொல்லாமல் வைக்கக் கூடாது. ஷஅபானிலேயே மருத்துவரைப் பாருங்கள். களாவா, ஃபித்யாவா என்பதை ஊர் ஆலிமிடம் கேளுங்கள். வீட்டில் நோன்பில்லாத ஒருவர் மறைந்து மறைந்து தண்ணீர் குடிக்கும் நிலையை மட்டும் உண்டாக்காதீர்கள்.

நிக்காஹும் பிள்ளைப் பேறும்

ஹெபடைட்டிஸ் பி இருப்பதால் நிக்காஹ் முடியாது என்பதில்லை. ஆனால் மறைத்துச் செய்யக் கூடாது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லி, அவர் பரிசோதனை செய்து, தடுப்பூசியை முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று தவணை போட்டு, எதிர்ப்பு சக்தி வந்துவிட்டதை ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டால் கணவன் மனைவியாக இயல்பாக வாழலாம். வீட்டிலுள்ள மற்றவர்களும் பரிசோதித்து, கிருமி இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கர்ப்பிணிகள் எல்லோரும் முதல் மாதங்களிலேயே இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பி உள்ள தாய்க்குக் கிருமி அதிகமிருந்தால் ஏழாம் மாதம் வாக்கில் மாத்திரை தொடங்குவார்கள். குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். அந்த ஒரு நாள் தவறினால் அந்தப் பிள்ளையும் இருபது வருடம் கழித்து அதே மெடிக்கல் ரிப்போர்ட்டோடு நிற்கும். காதில் பாங்கு சொல்லும் அந்த நாளிலேயே, "ஊசி போட்டாச்சா?" என்றும் கேளுங்கள்.

மனமும் அமானிதமும்

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். ஐயூப் நபி (அலை) அவர்களின் நீண்ட நோயில், ஊரார் ஒதுங்கிய பிறகும் அவர்களுடைய மனைவி கூடவே நின்று பணிவிடை செய்ததை நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். நாம் ஐயூப் நபியின் பொறுமையை நோயாளிக்கு உபதேசிக்கிறோம். அந்த அம்மையாரின் துணையைத் தருகிறோமா?

போய்ப் பார்க்கும்போது, "என்ன இப்படிக் கறுத்துப் போயிட்டீங்க" என்று தொடங்காதீர்கள். இதே நோயில் இறந்தவரின் கதையைச் சொல்லாதீர்கள். சிறிது நேரம் இருந்து துஆச் செய்துவிட்டு எழுங்கள். ஒருவர் தன் நோயை நம்மிடம் சொன்னால் அது அமானிதம். அவர் அனுமதியின்றி சம்பந்தி வீட்டிலோ கடைத் திண்ணையிலோ சொல்வது துரோகம். பி, சி உள்ளவர் மவுத்தானால் குளிப்பாட்டப் பயப்பட வேண்டாம். கையுறை அணிந்து, கையில் காயமிருந்தால் மூடி, சிந்தும் ரத்தத்தை முன்பு சொன்ன பிளீச்சிங் கரைசலால் துடைத்தால் போதும். முறைப்படி குளிப்பாட்டி, கஃபனிட்டு, கண்ணியமாக நல்லடக்கம் செய்யலாம்.

மருந்து இலவசம்தான், ஆனால் நோய் இலவசமில்லை. புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்பினால் நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம். பஸ் கட்டணம், கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி இழப்பு, விடியற்காலையில் வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் என்று செலவுகள் வரிசையாக வரும். பலர் சிகிச்சையை நடுவில் விடுவது இவற்றால்தான். ஜகாத், ஸதகா கொடுக்கும் சகோதரர்கள் இந்த வழிச்செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். கொடுக்க இயலாதவர்கள் ஒருநாள் கூடப் போகலாம், அல்லது பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் வீட்டில் பேசிக்கொள்ள

1. நம் வீட்டில் பிளேடு, பிரஷ், நகவெட்டி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருக்கிறதா?

2. 2011-க்கு முன் பிறந்தவர்கள் யார் யார் இன்னும் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்யவில்லை?

3. குடிநீர் எங்கிருந்து வருகிறது, காய்ச்சுகிறோமா?

4. உறவினரில் யாரையாவது இந்த நோய்க்காகத் தள்ளி வைத்திருக்கிறோமா? அடுத்த விருந்துக்கு அவரை அழைத்து, நம் சஹனிலேயே பக்கத்தில் உட்கார வைப்போமா?

கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டாம். செய்தாலே போதும்.

நோயுற்ற நம் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் தருவானாக. ஆமீன்.